சாலைக்கு அந்தப் பக்கம் கேரளம்: அடிபட்டவர் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது?

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தின் எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் வீட்டு முன்னால் போகும் சாலைதான் மாநில எல்லை. நாங்கள் தமிழ்நாடு, எதிர்வீடு கேரளம். வளைவில் இருக்கும் கலுங்கில் (சிறு பாலத்தில்) ஓராண்டாக ஏழெட்டுப் பையன்கள் கூடிக் குடிக்கிறார்கள். கஞ்சா வாடையும் வருகிறது. டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகளை மறித்துக் கேலி பேசுகிறார்கள், கடைக்காரரை மிரட்டிப் பணம் வாங்குகிறார்கள். என் கணவருக்கு 63 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. போன மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு வெட்டுக்குப் போகும்போது, 'மக்கா, பிள்ளைகள் போற வழி, வேற இடம் பாருங்க' என்று சொன்னதற்காக அவரை அடித்துத் தள்ளிவிட்டார்கள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். பயத்தில் ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டோம். மறுநாள் இரண்டு பேர் எங்கள் கேட்டருகே பைக்கை நிறுத்தி, கேஸ் கொடுத்தால் உயிரோடு இருக்க மாட்டாய் என்று சொல்லிப் போனார்கள். அடித்தது கேரளப் பக்கம் என்பதால் இங்குள்ள நிலையத்தில் அங்கே போகச் சொன்னார்கள். அங்கே போனால் உங்கள் ஊரில் கொடுங்கள் என்றார்கள். ஜீப் வந்தால் பையன்கள் நாலு எட்டு வைத்துச் சாலையைத் தாண்டி நின்று சிரிக்கிறார்கள். ஒரு ராத்திரி எல்லாரும் சேர்ந்து வெளுத்துவிடலாம் என்கிறார்கள் ஊரில் சிலர். அந்தக் கூட்டத்தில் என் தங்கை மகனும் இருக்கிறான், 17 வயது. அவன் அடிக்கவில்லை, பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றான் என்கிறார் என் கணவர். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா? யாரிடம் போய்ச் சொல்வது, வக்கீல் சார்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிலையங்களில் எதில் வேண்டுமானாலும் நீங்கள் புகார் கொடுக்கலாம்; உங்களைத் திருப்பி அனுப்பிய இரு இடத்திலும் தவறு நடந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் காவல் நிலையம் தகவலைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அப்படிப் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைக்குப் பூஜ்யம் என்று எண்ணிட்டு, சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். காகிதத்தைச் சாலை கடத்திக் கொண்டுபோவது அவர்கள் வேலை, அடிபட்டவர் வேலை அல்ல. காவல்துறை நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரியும்போது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆனால் நீங்கள் இரு இடத்திலும் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குழித்துறை நீதிமன்றத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். நம் மக்கள் நிலையத்துக்குப் போகிறார்கள், ரைட்டர் மேஜைக்கு முன்னால் நின்று அழுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். போனதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. வாய்ச்சொல்லைத் தட்டிக்கழிப்பது எளிது, எழுதிக் கொடுத்ததைத் தட்டிக்கழித்தவர் பின்னால் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே புகாரை எழுத்தில் கொடுங்கள், தமிழிலேயே எழுதலாம். பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்ய சட்டம் வழி வைத்திருக்கிறது.

இப்போது பல்லுக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் முதுகெலும்பே அதுதான் என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஒருவர் கன்னத்தில் அறைந்தால் அது சாதாரணக் காயம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2)ஆவது பிரிவில் அடங்கும், நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் அதைப் புலனாய்வு செய்ய முடியாது. நம் பக்கத்தில் சி.எஸ்.ஆர். என்னும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்புவது பெரும்பாலும் இத்தகைய புகார்களில்தான். ஆனால் அதே சட்டத்தின் 116ஆவது பிரிவு, எலும்போ பல்லோ முறிவதையும் இடம் பெயர்வதையும் கொடுங்காயம் என்று வரையறுக்கிறது. வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் 117(2)இன்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, போலீஸ் தானாகவே வழக்குப் பதிவு செய்ய வேண்டிய குற்றமும் ஆகும். ஏழாண்டுக்குக் குறைந்த சில குற்றங்களில் 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்ற விதியைக் காட்டி யாராவது உங்களைத் தள்ளிப்போட்டால், இந்தக் குற்றம் அந்த வரம்புக்குள் வராது என்று சொல்லுங்கள். ஒரு வழக்கில் ஒரு குற்றமாவது போலீஸ் நேரடியாக எடுக்கத்தக்கதாக இருந்தால், கேட்டருகே வந்து கொலை மிரட்டல் விடுத்தது உட்பட மற்றவையும் அதனோடு சேர்ந்தே புலனாய்வுக்கு வந்துவிடும். அந்த மிரட்டல் நடந்தது தமிழ்நாட்டு மண்ணில் என்பதையும் புகாரில் தனியாக எழுதுங்கள்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை மறைக்காமல் பேசிவிடுவோம். மருத்துவமனைச் சீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் முதலில் கையில் எடுப்பது அந்தச் சீட்டைத்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். அதற்காக வழக்கு செத்துப்போனதாக நினைக்க வேண்டாம். மிரட்டலுக்குப் பயந்தவர்கள் மருத்துவரிடம் வேறு காரணம் சொல்வது நீதிமன்றங்கள் அறியாத செய்தி அல்ல. ஆனால் அதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணையில் அவர்கள் கண்டுபிடித்ததாக ஆகக் கூடாது. "இன்ன தேதியில் இன்ன மருத்துவமனையில், அடித்தவர்களுக்குப் பயந்து, விழுந்ததாகத் தவறாகச் சொன்னேன்" என்று உங்கள் கணவர் புகாரிலேயே ஒரு வரி எழுதட்டும். ஒரு மாதத் தாமதத்துக்கும் இதுதான் காரணம் என்று எழுதி, இரு நிலையங்களுக்கும் அலைந்த தேதிகளையும் சேர்க்கட்டும். பிறகு அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போய், விழுந்த பல்லின் குழியையும் ஆடும் பற்களையும் காட்டி, நடந்ததை நடந்தபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். தீப்பெட்டியில் இருக்கும் பல்லைத் தூக்கி எறிய வேண்டாம். புலனாய்வு அதிகாரி கேட்டால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகளைப் புகாரில் விட்டுவிடக் கூடாது. நாலரை மணி இருட்டில் யார் அடித்தது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். உங்கள் கணவர் பால்வெட்டுக்குப் போகிறவர், தலையில் ஹெட்லைட் கட்டியிருந்திருப்பார்; அந்த வெளிச்சத்தில்தான் முகங்களைப் பார்த்தார் என்றால் அதை அப்படியே எழுத வேண்டும். அடித்தபோது விளக்கு கீழே விழுந்துவிட்டது என்றால் அதையும், அதற்கு முன்னால் யார் யாரைப் பார்த்தார் என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவது, அவரிடம் வெட்டுக்கத்தி இருந்திருக்கும். கிழவர்தான் கத்தியை ஓங்கினார், நாங்கள் தடுத்தோம் என்று ஓர் எதிர்ப்புகார் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. கத்தி வாளிக்குள் இருந்ததா, இடுப்பில் இருந்ததா, கையில் எடுத்தாரா இல்லையா என்பதை உண்மைப்படி முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் புகாருக்கு வலு இருக்காது. சம்பவ இடம் எந்த மாநிலம் என்று நீங்கள் வாதாட வேண்டியதில்லை. கலுங்குக்குப் பக்கத்தில் நிற்கும் மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொடுங்கள், அது கேரள மின்வாரியக் கம்பமா நம் மின்வாரியக் கம்பமா என்பதையும் எழுதுங்கள். இடத்தைத் தேடி வரும் இரு மாநில அதிகாரிக்கும் அது போதும்.

பையன்கள் சாலையைத் தாண்டி நின்று சிரிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது மனம் கனத்தது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து இந்த வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நிர்வாகத்துக்காக வரைந்த கோடு அது. களியக்காவிளையிலும் பனச்சமூட்டிலும் ஒரே சந்தையில் இரு மாநிலத்தாரும் மரச்சீனி வாங்குகிறோம், ஒரே குடும்பத்தில் அக்கா அந்தப் பக்கமும் தங்கை இந்தப் பக்கமும் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். குற்றவாளிக்கு அந்தக் கோடு வேலி அல்ல. பிடியாணையின்றிக் கைது செய்ய அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி, அந்த நபரைத் துரத்திக்கொண்டு இந்தியாவின் எந்த இடத்துக்கும் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், பக்கத்து மாநில நிலையத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பன போன்ற முறைகள் உண்டே தவிர, தடை கிடையாது. வழக்குப் பதிவாகாதபோது யாரை எதற்காகத் துரத்துவது? ஜீப்பில் வந்தவர் கையில் ஒரு முதல் தகவல் அறிக்கை இல்லாத வரை, நாலு எட்டு தாண்டியவனைப் பிடிக்க அவருக்கு முகாந்திரம் இல்லை. அந்தச் சிரிப்புக்குக் காரணம் எல்லைக்கோடு அல்ல, பதிவாகாத புகார்தான்.

கேரளப் பக்கத்தில் நடந்த அடிதடி வழக்கு முடிவில் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். பேருந்தில் போய்வரும் தூரம்தான், அதை நினைத்துப் பின்வாங்காதீர்கள். புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். கொடுங்காயக் குற்றம் ஜாமீனில் விடத்தக்கது. பிடிபட்டவர்கள் அன்றைக்கே வெளியே வரலாம். அதை எதிர்பார்த்து மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதனால்தான் வழக்கோடு இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். முன்பு ஊரில் 'நூற்றியேழு போடுவது' என்று சொல்வோமே, இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆவது பிரிவு. அமைதியைக் குலைப்பார் என்று தகவல் வந்தால், நிர்வாக நடுவர் அவரை அழைத்து, ஓராண்டு வரை அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். வழக்கமாகவே குற்றம் செய்பவர் என்றால் பழைய 110, இப்போதைய 129ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை. பிணை எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால் பணமும் போகும், சிறைக்கும் போக நேரும். உங்கள் பக்கத்துக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அவர்களுடைய அதிகாரியிடம் கொடுக்கட்டும். கேரளத்தில் 2007ஆம் ஆண்டின் சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், 'காப்பா' என்று சொல்கிறார்களே அது, பலமுறை குற்றம் செய்தவரைக் குறிப்பிட்ட பகுதிக்குள் ஓராண்டு வரை நுழையாமல் தடுக்க வழி செய்கிறது. ஆனால் அங்கே தடுக்கப்பட்டவர் இங்கே மாமன் வீட்டில் வந்து தங்குவதை நானே கண்டிருக்கிறேன். அதனால்தான் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மனுப் போக வேண்டும் என்கிறேன்.

பெண்பிள்ளைகளை மறித்துக் கேலி பேசுவதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது. 18 வயது நிரம்பாத பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு கேலி பேசுவதும் பின்தொடர்வதும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மூன்றாண்டு வரை தண்டனைக்குரியவை. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். இது தெரியாததால்தான் பெற்றோர் பிள்ளையை ஸ்டேஷன் படி ஏற்றுவதா என்று தயங்கி, டியூஷனையே நிறுத்திவிடுகிறார்கள். தண்டனை அனுபவிப்பது யார் என்று பாருங்கள். அந்தத் தாய்மார்களிடம் நீங்கள் பேசுங்கள்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து வெளுத்துவிடுவது என்ற யோசனைக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஓர் இரவில், ரப்பர் ஷீட் திருடிய ஓர் இளைஞனைக் கமுகில் கட்டிவைத்து அடித்த ஆறு பேருக்காக நான் வழக்காடினேன். அடிவாங்கியவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. திருட்டு வழக்கு ஒரே ஆண்டில் முடிந்துவிட்டது. இந்த ஆறு பேரும் ஒன்பது ஆண்டுகள் வாய்தாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வளைகுடாவில் வேலை உறுதியாகியிருந்தது, போலீஸ் சான்று கிடைக்காமல் அது கைவிட்டுப் போயிற்று. தற்காப்பு உரிமை ஆபத்து இருக்கும் நேரத்துக்கு மட்டும் உரியது. மறுநாள் இரவு கம்போடு கூடிப் போவதற்குச் சட்டத்தில் அந்தப் பெயர் கிடையாது.

கூடுவதென்றால் கையெழுத்துப் போடக் கூடுங்கள். தனியாக ஒரு வீடு புகார் கொடுத்தால்தான் அந்த வீட்டை மிரட்ட முடியும். எதிர்வீட்டு மலையாளக் குடும்பமும், பணம் பறிகொடுத்த கடைக்காரரும், டியூஷன் பிள்ளைகளின் தாய்மாரும், அங்குள்ள குடும்பஸ்ரீப் பெண்களும், இங்குள்ள மகளிர் குழுவும் சேர்ந்து முப்பது கையெழுத்தோடு ஒரே மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, இரு நிலையங்களுக்கும் இரு பஞ்சாயத்துகளுக்கும் கொடுங்கள். கலுங்கருகே விளக்கு எரிவதில்லை என்றால் அதையும் மனுவில் சேருங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். யாராவது கைபேசியில் படம் எடுத்திருந்தால் அந்தக் கைபேசியையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஏனெனில் மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் தேவை. வாட்ஸ்அப்பில் பரப்பக் கூடாது. அதில் 18 வயதுக்குக் குறைந்த ஒருவனின் முகம் இருந்தால், பரப்பியவர்மீதே வழக்கு வரும்.

சாட்சி சொல்ல நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்ற பயம் உங்கள் இருவருக்குமே வேண்டாம். பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் விசாரிக்க வேண்டுமானால், போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். மிரட்டல் தொடர்ந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்கலாம். உங்களுக்கு வக்கீல் கட்டணமும் தேவையில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. குழித்துறை நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இரவில் ஆபத்து என்றால் இரு மாநிலத்துக்கும் 112தான். வீட்டை விற்பதைப் பற்றி இவ்வளவும் செய்து பார்த்த பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக உங்கள் தங்கை மகன். அவன் பெயரைப் புகாரில் விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. விட்டுவிடாதீர்கள். அங்கே இருந்த ஒருவனைத் தெரிந்தே மறைத்தால், நாளை மற்றவர்களைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதையும் நம்ப மாட்டார்கள். அவன் அடிக்கவில்லை, பைக்கோடு நின்றான் என்றால் அதை மட்டும் எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 17 வயதுப் பையனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது. அவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். அங்கே முதலில் பேசப்படுவது ஆலோசனையும் கண்காணிப்பும் சமூக சேவையும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இதுபோன்ற வழக்கில் குழுமம் எடுக்கும் முடிவு பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பாக ஆகாது என்று உறுதி சொல்கிறது. அடுத்த ஆண்டு இதே கூட்டத்தோடு 18 வயதில் பிடிபட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் அவனுக்கு இருக்காது. கஞ்சாப் பழக்கம் இருந்தால், தானாகவே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுபவருக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. இதையும் தங்கையிடம் சொல்லுங்கள்.

புகார் கொடுப்பதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும். ஜீப் வந்து நின்ற பிறகு அவளுக்குத் தெரியவந்தால், அக்காவும் தங்கையும் இந்தப் பிறவியில் பேசிக்கொள்ள மாட்டீர்கள். பையன் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள், அத்தானின் வாயை அவளே பார்க்கட்டும், உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவள் அழுவாள், கோபப்படுவாள், கேஸ் வேண்டாம் என்று காலில் விழுந்தாலும் விழுவாள். எழுதிய புகாரை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த நாள் காலையிலேயே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.